கேமரா உயரம்

என் கணவர் நில அளவையாளர். யாருடைய வேலி யாருடைய நிலத்துக்குள் எத்தனை விரற்கடை புகுந்திருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் பெண்டாட்டிக்கு எது எட்டும், எது எட்டாது என்பது மட்டும் அவருடைய கருவிகளில் பதிவானதே இல்லை. நான் அவரை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். அவரை மட்டம் தட்ட எனக்கு முதலில் ஓர் ஏணி வேண்டும்.

அவர் ஆறடி இரண்டு அங்குலம். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு குறைவு என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவரை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். "நீங்க ஒரு ஒட்டடைக்குச்சி" என்று சொல்லும்போதுகூட மரியாதையில் குறை வைத்ததில்லை.

மூன்றாவது மாடியில் இருந்த அந்த வாடகை வீட்டை அவர் கல்யாணத்துக்கு முன்பே பிடித்திருந்தார். கட்டியவர் எந்தப் பரம்பரையோ தெரியாது, ஒட்டகத்துக்குப் பெண் கொடுத்தவராக இருக்க வேண்டும். சமையல் மேடை என் நெஞ்சு உயரம். அலமாரித் தட்டுகளைச் சுவரோடு சேர்த்து சிமெண்டில் வார்த்திருந்தார்கள்; கழற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. இதில் என் கணவருக்கு உதவும் குணம் வேறு. விடுமுறை நாளில் வீட்டை ஒழுங்கு செய்கிறேன் என்று கிளம்பினால் சர்க்கரை டப்பாவிலிருந்து நகவெட்டி வரை எல்லாம் மேல் தட்டுக்குப் போய்விடும். எங்கே என்று கேட்டால், "அதோ, கண்ணு முன்னாடிதானே இருக்கு" என்பார். அவர் கண்ணுக்கு முன்னாடிதான் இருக்கும்.

வீட்டுக்காரர் புதிதாக மூன்று வருஷ ஒப்பந்தம் போட வேண்டும், திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார். கணவர் அப்போதே கையெழுத்துப் போடத் தயார். நான்தான் முட்டுக்கட்டை.

"வேற வீடு பாக்கலாங்க."

"ஏன்? இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்? வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு, ஜன்னல்ல நின்னா ஆறு தெரியுது."

"எனக்கு இந்த வீட்ல விருந்தாளி மாதிரி இருக்கு. ஒரு டம்ளர் எடுக்கணும்னாலும் யாரையாவது கேக்க வேண்டியிருக்கு."

"அதுக்குத்தான் ஸ்டூல் இருக்கே!"

இதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். எதைச் சொன்னாலும் ஸ்டூல். என் குறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் எனக்கே அற்பமாகத்தான் தெரியும். சாவிக் கொக்கி எட்டவில்லை, டப்பா எட்டவில்லை என்பதற்காகவா ஒரு நல்ல வீட்டை விடுவார்கள்? ஆனால் ஒரு நாளைக்கு இருபது முறை எட்டாமல் போனால் அது கொக்கியைப் பற்றிய விஷயமாக இருப்பதில்லை. மூன்று வருஷம் இப்படியே போனால் நான் சிடுமூஞ்சி ஆகிவிடுவேன் என்று உண்மையிலேயே பயந்தேன். பாதி தூரம் போயும் விட்டேன்.

இந்த நேரத்தில்தான் என் விளையாட்டு குறுக்கே வந்தது.

நான் கணினி விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, என் வேலை பொத்தான் வரைவது. 'தொடங்கு', 'வெளியேறு', 'நிச்சயமாக வெளியேறவா?' இதெல்லாம் என் கைவண்ணம். முப்பரிமாண ஆட்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மலையும் கடலும் எழுப்புவார்கள். நான் அவர்களுடைய மலைக்கு மேல் தட்டையாக ஒரு பொத்தானை ஒட்டுவேன். ஒரு நாள் ரோஷம் வந்து, யாருடைய தயார்ச் சரக்கும் இல்லாமல் முதல் முக்கோணத்திலிருந்து நானே ஒரு முப்பரிமாண விளையாட்டை எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

முக்கோணம் என்று சும்மா சொல்லவில்லை. திரையில் தெரியும் சுவர், நாற்காலி, பூனை எல்லாமே முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்தவைதான். எனக்கு மலை எழுப்பும் கற்பனை கிடையாது. கண்ணெதிரே இருந்த எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன். விளையாட்டும் எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான்: வெளியே கிளம்பும் நேரம், வண்டிக்காரர் வந்து அழைப்பு மணி அடிப்பதற்குள் மூக்குக் கண்ணாடி, சாவி, பர்ஸ், குடை, கைபேசி எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும்.

அளவு எடுக்க வேண்டும் என்று சொன்னதும் கணவருக்குச் சர்க்கரைப் பொங்கலை நினைத்த பிள்ளையைப் போல முகம் மலர்ந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு முனையை நான் சுவரின் உச்சியில் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் அவர் குனிந்து அளவு சொல்லுவார். கதவு, மேடை, அலமாரி, கட்டில், பிரிட்ஜ், குப்பைத் தொட்டி வரை விடவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று வெளியே தெரிவதைப் படமும் எடுத்துக் கொடுத்தார். நான் அந்தப் படங்களை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பெரிய திரைபோல நிறுத்திவைத்தேன்.

முதல் தடவை ஓட்டியபோது கணவரின் அக்கா வந்திருந்தார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் என் நாத்தனார், தம்பியைவிட அரை அங்குலம்தான் குறைவு; அந்தக் குடும்பமே தென்னந்தோப்பு. திரையில் குளியலறைக்குள் நுழைந்து திரும்பியவர், "ஐயையோ, சுவரைக் காணோமே! தெருவே தெரியுதுடா தம்பி!" என்று அலறினார். தப்பு என்னுடையது. முக்கோணத்தின் மூன்று முனைகளை ஒரே திசையில் சுற்றி எழுத வேண்டும். சுற்றை மாற்றி எழுதினால் அந்தச் சுவர் வெளியிலிருந்து மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

"அதாவது வெளியே இருக்கறவனுக்குச் சுவர் இருக்கு, குளிக்கிறவளுக்கு இல்லை. உள்ள இருக்கறவளுக்கு எல்லாரும் தன்னைப் பாக்கற மாதிரியே இருக்கும்" என்றார் நாத்தனார். "எங்க மாமியார் வீடு அப்படித்தான் இருந்தது."

சுவரைச் சரிசெய்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து, நிதானமாக, முதல்முறையாக என் வீட்டுக்குள் நடந்து பார்த்தேன்.

உண்மையில் இந்த விளையாட்டுகளில் ஆள் நடப்பதே இல்லை. ஆடுபவரின் கண்ணாக இருக்கும் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கும். நாம் முன்னே போக நினைத்தால் வீடு முழுவதும் நம்மை நோக்கிப் பின்னால் நகரும். எனக்காக ஒரு வீடு நகர்ந்து கொடுத்தது என்றால் அது அங்கேதான். அந்தச் சந்தோஷத்தில் கூடத்துக்குப் போனேன், சமையலறைக்குப் போனேன்.

அவ்வளவு அழகான வீடு அது.

அலமாரித் தட்டில் எல்லாம் கண்ணெதிரே வரிசையாக இருந்தன. பிரிட்ஜின் மேலே இரண்டு பேர் உட்கார்ந்து சீட்டாடும் அளவுக்கு இடம் இருந்தது. சமையல் மேடை அடக்கமாக இடுப்புக்குக் கீழே கிடந்தது. கூடத்து ஜன்னலை நெருங்கினால், கூரைகளுக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே ஆறு. ஸ்டூலில் ஏறி நான் அந்த ஆற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏறி நின்று பார்ப்பது வேறு, துணி மடித்துக்கொண்டே போகிற போக்கில் பார்ப்பது வேறு. 'ஆறு, ஆறு' என்று அவர் சொல்லும்போதெல்லாம் 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று உதட்டைச் சுழித்தவள் நான். இப்போது எனக்கே விட மனசில்லை. பாவம், இதை விட்டுவிட்டு வா என்றால் மனுஷன் எப்படி வருவார் என்று தோன்றியது. கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லக் கூடத்துக்கு எழுந்தும் விட்டேன்.

நாலு எட்டு வைத்ததும் நிஜ ஜன்னல் வந்தது. அதில் மேகம்தான் இருந்தது.

திரும்பி ஓடி, கணினியில் நான் எழுதியிருந்த நிரலைப் பார்த்தேன். கேமரா உயரம்: 1.7. எல்லாப் பாடப் புத்தகத்திலும் அந்த எண்தான் இருக்கும். தரையிலிருந்து கண் வரை ஒன்று புள்ளி ஏழு மீட்டர். கம்பெனியில் எல்லாரும் யோசிக்காமல் அதைத்தான் போடுவார்கள். ஐந்தடிகூட இல்லாத நானும் யோசிக்காமல் அதையே தட்டியிருக்கிறேன்! இதற்குப் பெயர்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. இவ்வளவு நேரமும் நான் நடந்தது என் கணவருடைய வீட்டில்.

டேப்பால் என் கண் உயரத்தை அளந்தேன். 1.38. மாற்றினேன். ஆறு மறைந்தது. அலமாரித் தட்டுகளின் அடிப்பக்கம் தெரிந்தது. பிரிட்ஜ் சுவராக எழுந்து நின்றது. நான் வாழும் வீடு திரும்பி வந்துவிட்டது. அழுகையும் வந்தது, ஒரு யோசனையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நாத்தனாரும் இருக்கும்போது, பேச்சை எடுத்தேன்.

"பந்தயம் வெச்சுக்கலாமா? என் விளையாட்டை நீங்க ஒரே ஒரு தடவை ஆடுங்க. மணி அடிக்கறதுக்குள்ள அஞ்சு பொருளையும் எடுத்துட்டா நாளைக்குக் கையெழுத்துப் போடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன். எடுக்கலைன்னா வேற வீடு."

"நான் அளந்த வீட்லயே எனக்குப் போட்டியா? கண்ணை மூடிட்டு எடுப்பேன்."

"பாத்துடா" என்றார் நாத்தனார். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதேன்னு சும்மாவா சொன்னாங்க? பொருளை எல்லாம் எங்கயாவது பாதாளத்துல ஒளிச்சு வெச்சிருப்பா."

"அப்ப நீங்களே ஒளிச்சு வைங்க அண்ணி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

நாத்தனாருக்குத் தம்பி மேல் உயிர். பொருள் ஒளிப்பதற்கென்று நான் செய்திருந்த திரையில் அவர் பாட்டுக்குப் பொருள்களை வைத்துக்கொண்டே, "கஷ்டமா எல்லாம் வைக்கல தம்பி. எல்லாம் கண்ணுல படற இடம்தான்" என்று காதோடு சொல்வதாக நினைத்து ஊருக்கே கேட்கச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளையாட்டுத்தான், ஆனால் மூன்று வருஷம். அவர் ஜெயித்துவிட்டால் நான் சொன்ன சொல்லை மீற முடியாது.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"என்ன இது, தரையோட தரையா நடக்கறேன்? குழந்தையா நானு?"

"குழந்தை இல்ல. நான்."

"ஓ" என்றவர், சிரித்துக்கொண்டே கிளம்பினார். கட்டில் மேல் கிடந்த குடையை முதலில் எடுத்தார், நாத்தனார் கைதட்டினார். அதன் பிறகு சமையலறைக்குப் போனார், வந்தார், மறுபடி போனார்.

"அக்கா, கண்ணாடி எங்க வெச்சே?"

"சொல்லக் கூடாதுடா. உன் கண்ணு முன்னாடிதான் இருக்கு!"

"என் கண்ணு முன்னாடி பிரிட்ஜ் கதவுதான் இருக்கு!"

"அதுக்கு மேல பாருடா மடையா!" நாத்தனார் நடுவர் என்பதையே மறந்துவிட்டார்.

அவர் அண்ணாந்து பார்த்தார். பிரிட்ஜின் விளிம்பும் அதற்கு மேல் விட்டமும் தெரிந்தன. பின்னால் போய்ப் பார்த்தார். சமையலறை அவ்வளவு பெரிதில்லை, முதுகு சுவரில் முட்டியது. சாவி கொக்கியில் தொங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. எடுக்கும் பொத்தானை அழுத்தினால், 'எட்டவில்லை' என்று திரையில் எழுத்து வந்தது. அந்த எழுத்து என் கைவண்ணம், நல்ல பெரிய எழுத்து. கைபேசி மேல் தட்டில். எட்டவில்லை. பர்ஸ் எங்கே என்றே தெரியவில்லை.

"குதிக்க எந்தப் பொத்தான்?"

"குதிக்க எல்லாம் வைக்கல. நான் வீட்ல குதிச்சுக் குதிச்சா நடக்கறேன்?"

"இது அநியாயம். அப்ப எப்படித்தான் எடுக்கறது? ஸ்டூல் எங்க?"

அவர் கூடத்துக்கு ஓடினார், படுக்கை அறைக்கு ஓடினார், குளியலறையில்கூடப் பார்த்தார். குப்பைத் தொட்டி இருந்தது. பழைய செருப்பு இருந்தது. ஸ்டூல் இல்லை. சத்தியமாக அதுவரை எனக்கும் தெரியாது.

"ஸ்டூலை ஏன் வைக்கல?" என்றார்.

"நீங்க அளவு சொன்னது எல்லாத்தையும் வெச்சேன்."

"அப்ப நான் அதை அளக்கலையா? எப்படி விட்டேன்? எல்லாத்தையும் அளந்தேனே?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "நீங்க அளக்கும்போதெல்லாம் நான் அதுமேலதாங்க நின்னுட்டிருந்தேன்."

விளையாட்டில் அழைப்பு மணி அடித்தது. ஆட்டம் முடிந்தது. 'மீண்டும் ஆடவா?' என்று என் பொத்தான் கேட்டது.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான். குதிக்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. 'மீண்டும்' என்பதை அழுத்தி, பொருள் எதையும் தேடாமல், மெதுவாகக் கூடத்து ஜன்னலுக்குப் போய் நின்றார். திரையில் வெறும் வானம். இடதுபக்கம் நகர்ந்தார், வலதுபக்கம் நகர்ந்தார்.

"ஆறு எங்க?"

"இருக்குங்க. ஜன்னல் கட்டைச் சுவருக்குக் கீழ இருக்கு."

"படம் நான்தானே எடுத்துக் குடுத்தேன்."

"நீங்க எடுத்தீங்க. உங்க உயரத்துல."

திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "உன்னைப் பொண்ணு பாத்து முடிவானப்புறம், இந்த வீட்டைக் காலி பண்ணப் போறீங்களான்னு வீட்டுக்காரர் கேட்டாரு. வேண்டாம், அவளுக்கும் ஆறு பிடிக்கும்னு சொன்னேன். தினமும் நீ அந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்து துணி மடிக்கும்போது, ஆத்தைப் பாத்துட்டே மடிக்கறேன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு ஒன்றரை வருஷக் கோபமும் அந்த இடத்தில் போய்விட்டது. பிடிவாதக்காரர், தன் சௌகரியம் பார்ப்பவர் என்றெல்லாம் நான் திட்டித் தீர்த்த மனுஷர், நானும் பார்க்கிறேன் என்று நம்பி ஓர் ஆற்றை எனக்காக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். "போட்டுடுங்க கையெழுத்து. நான் சமாளிச்சுக்கறேன்" என்று வாய் வரை வந்தது. அதற்குள் நாத்தனார் குறுக்கிட்டார்.

"பந்தயம்னா பந்தயம்டா தம்பி. தோத்தாச்சு. வீட்டுக்காரருக்குப் போன் போடு." பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வாய் என்ன சொல்ல வருதுன்னு எனக்குத் தெரியும். மூடு" என்றார். அவரைத் தென்னந்தோப்பு என்று சொன்னதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தோப்பில் ஒரு மரமாவது நிழல் தருகிறது.

வீடு தேடும் படலம் ஆரம்பித்தது. தரகர் கூட்டிப்போன முதல் வீட்டில், கணவர் திடீரென்று முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, வாத்து மாதிரி நடக்க ஆரம்பித்தார். கையில் டேப். தரையிலிருந்து கண் வரை அளந்து, 1.38 வரும்வரை கீழே இறங்கி, அந்த உயரம் மாறாமல் ஒவ்வோர் அறையாகப் போனார். அலமாரியைப் பார்ப்பார், "ம்ஹூம்" என்பார். ஜன்னலைப் பார்ப்பார், "ம்ஹூம்" என்பார். தரகர் என்னிடம் ரகசியமாக, "சாருக்கு ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

நாலாவது வீடு ஒரு தரைத்தளம். மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் நல்ல உயரம், அந்த அம்மாள் உயரத்தில் என் சாதி. என் கணவர் வழக்கம்போலச் சமையலறைக்குள் வாத்து நடை போட்டார். மேடையில் கையை வைத்தார். கை தானாக உட்கார்ந்தது. தட்டில் யாரோ விட்டுப்போயிருந்த ஒரு டப்பாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கூடத்து ஜன்னல் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து மேலே வரை போயிற்று. வெளியே ஆறு இல்லை. சைக்கிள் பழுது பார்க்கும் கடை, அதன் வாசலில் தூங்கும் நாய், ரொட்டி வாங்கப் போகும் ஜனங்கள்.

"நீங்க நிமிந்தும் பாருங்க" என்றேன். "நீங்களும் இங்கதானே இருக்கப் போறீங்க?"

நிமிர்ந்தார். மறுபடி மடங்கினார். மறுபடி நிமிர்ந்தார். "ரெண்டுலயும் அதே நாய்தான்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க, இவர் என்ன பண்றாரு?"

"என் கண்ணு உயரத்துல வீட்டைப் பாக்கறாருங்க" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் என் கணவர் கையிலிருந்த டேப்பைக் கேட்டு வாங்கி, தன் கண் வரை அளந்து, விரலை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, புருஷனிடம் நீட்டினார்.

"நம்ம வீட்லயும் ஒரு தடவை இப்படி நடந்துட்டு வாங்களேன்."

"எதுக்கு? விளையாடறியா?"

"ஒரே ஒரு தடவை."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினார். தலைக்கு மேலே காலடிச் சத்தம் ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் கேட்டது. கூடம், படுக்கை அறை, பிறகு சமையலறை. அங்கே போனதும் நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். சிரிப்பு இல்லை.

"நம்ம வீட்டு மேடை இவ்வளவு உயரம்னு நீ சொன்னதே இல்லையே?"

"சொன்னேன்" என்றார் அந்த அம்மாள்.